மாதாவுக்குப் பண்ணைப்பூ

கடத்தூருக்கு மேற்கே அந்தச் சிற்றூரில் களை மருந்தை முதலில் அடித்தவர் பிலவேந்திரன். எழுபத்திரண்டாம் வருஷம். கேழ்வரகுக்குள் மண்டியிருந்த பண்ணைக்கீரை முறுக்கிக்கொண்டு செத்தது. அவர் பேச்சை நம்பி ஊரே மருந்து வாங்கியது. அவர் கேழ்வரகுக் கொல்லையின் மூலையில் ஒரு செடி மட்டும் கழுத்தைத் தொங்கப்போட்டு, பிறகு நிமிர்ந்துகொண்டது. மருந்து சரியாகப் படவில்லை என்று அதை விட்டுவிட்டார்.

மறுவருஷம் அதே மூலையில் கூட்டமாக முளைத்தது. மருந்து அடித்தார். எல்லாமே நிமிர்ந்தன.

அதன் விதையில் ஒரு பிடி எடுத்து வைத்தார். மருந்தே காணாத சித்தேரி மலைக்காட்டு விதையை மலையிலிருந்து தேன் விற்க வரும் காளியனிடம் கேட்டு வாங்கினார். கோடையில் இரண்டையும் இரண்டு உடைந்த சட்டிகளில் முளைக்க வைத்து, ஒரே மருந்தைத் தெளித்தார். மலை விதையில் வந்தவை சுருண்டன. மூலை விதையில் வந்தவை தூக்கம் கலைந்த பிள்ளைகள் போலத் தலை தூக்கின. தாய், தான் தப்பிய வழியை விதைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி லூர்தம்மாளிடமும் கூட. மருந்து வாங்கச் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? அந்த வருஷம் மூலை மறுபடி முளைத்தது. ஆள் வைத்துப் பிடுங்கினால் ஊர் கேட்கும். மாதா திருநாளன்று எல்லோரும் கோயிலில் இருப்பார்கள், அப்போது தனியாகப் பிடுங்கி எரித்துவிடலாம் என்று காத்திருந்தார்.

திருநாள் காலையில் போனபோது மூலையில் வெறும் தட்டைகள் நின்றன.

கோயிலுக்கு ஓடினார். சப்பரம் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பண்ணைப்பூக் கதிர்கள். நுனி பூத்திருந்தது, அடியில் விதை முற்றிக் கறுத்திருந்தது.

"ஊருல வேற எங்கயும் பூ இல்லீங்க, மருந்துல எல்லாம் போயிடுச்சு," என்றாள் லூர்தம்மாள். "நம்ம மூலையில மட்டும் மாதாவே விட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு."

பங்குச் சாமியார் பூக்களை மந்திரித்து முடித்திருந்தார். சப்பரம் தூக்கும் நால்வரில் பிலவேந்திரனும் ஒருவர். தண்டு தோளில் ஏறியது. ஒவ்வொரு கொல்லையாகச் சப்பரம் நிற்கும். கொல்லைக்காரர் ஒரு கொத்து உருவித் தன் பயிரில் உதிர்ப்பார். அதுதான் வழக்கம். அவர் குலுங்காமல், அடிமேல் அடி வைத்து நடந்தார். அப்படியும் கழுத்துப் பட்டைக்குள் மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் விழுந்துகொண்டே இருந்தன.

"என்னங்க மாமா, மாதாவைத் தூங்க வெக்கிறீங்களா?" என்றான் பின்தண்டு பிடித்த கஸ்பார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் கொல்லையே கஸ்பாருடையது. களை ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிட்டது போலிருந்தது. அவன் தண்டை இன்னொருவனிடம் மாற்றிவிட்டுக் கொத்தை உருவினான்.

பிலவேந்திரன் தண்டுக்கு அடியிலிருந்து கழுத்தைத் திருப்பினார். "கஸ்பாரு, அதைக் கொல்லையில போடாதே. அது மருந்துக்குச் சாவாது."

கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாதா பூவுங்க மாமா. அது சாவலாமா?"

இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, ஒரு விதையும் வீணாகாமல் கசக்கி, பயிருக்குள் தூவினான். அடுத்த கொல்லைக்காரர் வரப்பில் கை நீட்டிக் காத்திருந்தார்.