பறவைப் பொத்தான்

ஆய்வறிக்கை தவிர வேறெதையும் எழுதிப் பழகாத கை, கதை என்ற பெயரில் ஒன்றை எழுதத் துணிந்துவிட்டது. வாசகப் பெருமக்கள் பெரிய மனது வைத்துப் பொறுத்தருள வேண்டும். எழுத்துப் பிழைகளுக்கு எழுதியவர் பொறுப்பு. நடந்தவற்றுக்குக் கதையில் வரும் ஆய்வாளரே முழுப் பொறுப்பு.

அந்த அம்மையார் உருவாக்கியது ஒரு பிளாஸ்டிக் கை. முன்கையில் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தசையை இறுக்கினால், மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் கை விரல்களை மடக்கிப் பற்றும், தளர்த்தினால் நெகிழும். தசைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் தொட்டறிந்து படிக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு பள்ளி சோதனை வகுப்புக்கு இசைந்திருந்தது. அது தேறினால் வரும் ஆண்டிலிருந்து பாடத்தில் இடம். தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, ஆய்வகத்தின் சன்னலோர அறையைப் பக்கத்துத் துறைக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

கருவிப் பெட்டியில் மூன்று பொத்தான்கள். எழுத்து வேண்டாம், படமே பேசும் என்று ஆய்வாளர் தம் கையாலேயே வரைந்திருந்தார். தொடங்க விதை, பிடியை இறுக்கச் சூரியன், பிடியை விடுவிக்கப் பறவை. தமக்கு ஓவியமும் வரும் என்று அவர் நம்பத் தொடங்கியது அப்போதுதான். அந்த நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் ஏதும் இல்லை.

பயனர் சோதனையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பயன்படுத்துகிறவர் எவ்வளவு தடுமாறினாலும் ஆய்வாளர் வாய் திறக்கக் கூடாது. அவர் இதை உயிராய்க் கடைப்பிடித்தார். கணவர் சர்க்கரை டப்பாவைத் தேடி அலமாரி அலமாரியாய்த் திறந்தபோதுகூட, ஓரமாய் நின்று கவனித்தாரே ஒழிய, இடத்தைச் சொல்லவில்லை.

கருவிக்கும் வீட்டாரே முதல் பயனர்கள். சாப்பாட்டு மேசையில் நல்ல இடத்தை அது பிடித்துக்கொண்டதால் நாத்தனார் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். “அண்ணி, மாப்பிள்ளைக்கு சார்ஜ் போட்டாச்சா? அவர் முடிச்சாத்தானே நாங்க உக்கார முடியும்?” என்பாள். ஆனால் சோதனையில் அவளும் சரி, கணவரும் சரி, ஒருமுறைகூடத் தவறான பொத்தானை அழுத்தவில்லை. ‘எவர் உதவியுமின்றிப் புரிந்துகொள்ளத்தக்க வடிவமைப்பு’ என்று அறிக்கையில் எழுதிய ஆய்வாளர், அந்த வரியைத் தாமே பலமுறை படித்து மகிழ்ந்தார்.

வகுப்பு நாளன்று உயிரியல் ஆசிரியர் அவரைப் பணிவாகக் கடைசிப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். நாளைக்கு அவர் இல்லாமலும் தாங்கள்தானே நடத்த வேண்டும் என்றார். நியாயம்தான். முன்வரிசை மாணவி ஒருத்தி பட்டையைக் கட்டிக்கொண்டாள். தொடங்கிவைக்க வந்த தலைமையாசிரியை சிரித்த முகத்தோடு பிளாஸ்டிக் கைக்குத் தம் கையை நீட்டினார். மாப்பிள்ளை பற்றிக்கொண்டது. பிறகு விடவில்லை.

தளர்த்தினால் போதும். ஆனால் தலைமையாசிரியையின் முகம் மாறியதைக் கண்ட மாணவிக்கு உடம்பெல்லாம் விறைத்தது. பிடி இன்னும் இறுகியது. ஆசிரியர் பெட்டிமேல் குனிந்து, எதை அழுத்துவது என்று முனகினார்.

“சூரியனை அழுத்துங்க சார், அதுதான் பளிச்சுன்னு இருக்கு” என்றது ஒரு குரல். அழுத்தினார். தலைமையாசிரியை மேசைமேல் சாய்ந்தார்.

கடைசிப் பெஞ்சில் விதி காக்கப்பட்டது. ஆய்வாளரின் வாய் மூடியிருந்தது. புருவங்கள் மட்டும் தலைமுடிக்குள் ஏறிவிட்டன. எல்லாரும் அவருக்கு முதுகு காட்டி நின்றதால் அவற்றைப் பார்ப்பாரில்லை. ஆசிரியரின் விரல் மறுபடியும் சூரியனிடம் போனபோது ஆய்வாளர் பொறுமையிழந்து, “பறவை! பறவை!” என்று கத்தினார். வகுப்பு மொத்தமும் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தது.

அவர் ஓடிவந்து இழுத்ததில் கட்டைவிரல் முறிந்தது, தலைமையாசிரியையுடையதல்ல, மாப்பிள்ளையுடையது. தலைமையாசிரியை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “நல்ல முயற்சிம்மா. பிள்ளைங்க மறக்கவே மாட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு நாங்க வேற ஏதாவது பாத்துக்கிறோம்” என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட கணவர் தட்டை ஓரமாய்த் தள்ளிவைத்தார்.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நாங்க எங்க பொத்தானைப் பாத்தோம்? உன் புருவத்தைத்தான் பாத்தோம். தப்பான இடத்துக்கு விரல் போனா மேல ஏறும். சரியான இடத்துக்கு வந்தா இறங்கும்.”

“சர்க்கரை டப்பாவும் அப்படிக் கிடைச்சதுதான் அண்ணி” என்றாள் நாத்தனார்.

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீ அவ்வளவு சந்தோஷமா எழுதிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?”

ஆய்வாளர் கருவியைக் கணவர் முன் நகர்த்திவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிடியை விடுவிக்கச் சொன்னார். பின்னால் மீதமிருந்த நான்கு விரல்களும் இன்னும் இறுகும் சத்தம் கேட்டது.

இழந்தவை: ஒரு கட்டைவிரல். வரும் ஆண்டின் பாடம். சன்னலோர அறை. அறிக்கையில் ஒரு வரி. ஓவியம் வரும் என்ற நம்பிக்கை. சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் இடம். அதில் இப்போது நாத்தனார் உட்காருகிறாள்.