பிரம்மபுத்திரா காய்ந்த மதியம்

ரிச்சர்டுக்கு ஒரே ஒரு அரியர் பாக்கி: புவியியல் வரைபடச் செய்முறை. மூன்றாவது தடவையாகத் தேர்வுக்கு வந்திருக்கிறான். தேறி டிகிரியைக் காட்டினால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங்கிலிருந்து சூப்பர்வைசர்; இல்லையென்றால் அந்த நாற்காலி வேறொருவனுக்கு. தொடர்ந்து ஒன்பது நாள் ஓ.டி. பார்த்துவிட்டு அரைநாள் பர்மிஷனில் வந்திருந்தான். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே தனி வேலையாக இருந்தது.

கேள்வி: திபெத்திலிருந்து வங்கதேசம் வரை பிரம்மபுத்திராவின் பாதையை வரைக.

வளைவுகள், கிளையாறுகள், இரண்டு நாட்டெல்லைகள், எல்லாம் சரியாகவே வரைந்தான். வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த தன்சீல் அகமது சார் குனிந்து பார்த்தார்.

“இன்னாப்பா, பிரம்மபுத்திராவ காய வெச்சிட்ட?”

வரைபட வழக்கத்தில் தண்ணீர் ஓடும் ஆற்றுக்கு நீலம், வறண்ட ஆற்றுக்குக் கறுப்பு. ரிச்சர்டின் ஆறு தலையிலிருந்து கால்வரை கறுப்பு.

“மூணு வருஷமா ரெக்கார்டு நோட்ல பாலாறுதான் சார் போட்டேன். கை பழகிடுச்சு.”

சாருக்கும் பாலாற்றங்கரைதான், பள்ளிகொண்டா. ஆற்றில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் இன்னும் முப்பத்தொரு பேர் பாக்கி.

“பத்து நிமிஷம். தண்ணி வுடு.”

ரிச்சர்டிடம் நீலப் பென்சில் இல்லை. இதுவரை தேவைப்பட்டதில்லை. பின்பெஞ்சு ஜஹீதா விரல்நுனி அளவுத் துண்டு ஒன்றை நீட்டினாள்.

“இவ்ளோதான்டா இருக்கு. மீதிய என் கங்கை தின்னுடுச்சு.”

திபெத்தில் தாராளமாகத் தீட்டினான். அசாமில் கை தூங்கிவிட்டது. வெள்ளம் கொஞ்சம் கரை தாண்டியது. வங்கதேச எல்லையில் பென்சில் தீர்ந்தது.

சார் திரும்பி வந்தார். “எல்லைல யாரு நிறுத்துனது?”

“பென்சில் தீந்துடுச்சு சார்.”

“மேல இருக்கறவங்க எப்பவும் இப்டிதான் எதனா சொல்றாங்க. அங்கங்க ஆத்துக்கு இன்னா பேருன்னாவது தெரியுமா?”

“திபெத்ல யார்லுங் சாங்போ, அருணாச்சலத்துல சியாங், அசாம்ல பிரம்மபுத்திரா, வங்கதேசத்துல ஜமுனா சார்.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கொட்டாவியை விழுங்கினான்.

பாஸுக்கு நாற்பது. சார் நாற்பத்தொன்று போட்டார்.

“கீழ இருக்கறவனுக்குத் தண்ணி வுடாததுக்கு அஞ்சு கம்மி. போ.”

சாயங்காலம் மாதனூர் போகும் கம்பெனி பஸ்ஸில், கட்டிங்கில் கூட நிற்கும் பாண்டியன் இடம் பிடித்து வைத்திருந்தான்.

“இன்னா ஆச்சு?”

“நான் பாஸு. வங்கதேசம்தான் காஞ்சிபோச்சு.”

பாண்டியன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் ரிச்சர்ட் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். வெளியே பாலாறு, ரெக்கார்டு நோட்டில் இருந்தபடியே இருந்தது.