அண்ணி படுக்காத கட்டில்

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கும் இருக்காது என்பது வேறு விஷயம். நான் வாயைத் திறந்தால் சண்டை வரும், அன்றைக்கே முடிந்துவிடும். அவர் நல்லது பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார், கேட்டவர் மனது மாதக்கணக்கில் ஆறாது.

எங்களுக்கு மரவேலைக் கடை. அறுப்பது, இழைப்பது, பொருத்துவது எல்லாம் நான். விற்பதும் வருகிறவர்களிடம் பல்லைக் காட்டுவதும் அவர். படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக நான் ஒரு கட்டில் செய்தேன். பக்கவாட்டில் ஒரு சட்டம், அதில் படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும் கைப்பிடிகள். ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறினால் அடுத்தவர் கை கொடுக்காமலே எழுந்து நிற்கலாம். நன்றாக விற்றது. பேப்பர்காரர்கள் வந்தார்கள். நான் கடையில் மரத்தூளோடு நின்றிருந்த நேரத்தில் இவர் பேட்டி கொடுத்துவிட்டார். "எங்க அக்காவுக்கு இடுப்பு சரியில்லைங்க. பாவம், அவங்கமேல இரக்கப்பட்டு என் மனைவி செஞ்சது."

அந்த அக்கா எங்கள் பின்னறையில்தான் இருக்கிறார். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். முதலில் செய்த கட்டிலை அவருக்குத்தான் போட்டிருந்தேன். பேப்பரைப் படித்துவிட்டு அதைச் சுவரோரம் தள்ளச் சொன்னார்.

"யாரோட இரக்கமும் எனக்கு வேணாம்மா. பழைய கட்டிலே போதும்."

அன்றிலிருந்து அதன்மேல் துவைத்த துணியை மடித்து அடுக்குகிறார். ஊரெல்லாம் படுக்கிற கட்டில் எங்கள் வீட்டில் மட்டும் துணி அலமாரி. "அப்படியெல்லாம் இல்ல அண்ணி" என்று எத்தனையோ தடவை சொல்லப் போனேன். "சரிம்மா" என்பார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் சமாதானம் சொல்வதாக நினைத்தாரே தவிர, என் பேச்சை அவர் நம்பவே இல்லை. அந்தக் கட்டிலில் அவர் படுக்காதவரை, ஆயிரம் விற்றாலும் எனக்கு அது விற்ற மாதிரி இல்லை.

போன வாரம் வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, மைக்கை என் முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கட்டில் செய்ய உங்களுக்கு உத்வேகம் யாரு மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "நான்தாங்க. உன்னால முடியும், செய்னு தினம் சொன்னது நான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் விடுவாரா? "நீ சொல்லிட்டுப் போயிட்டடா. எப்ப முடியும், எப்ப முடியும்னு கடைவாசல்ல உக்காந்து விரட்டினது யாரு?"

இரண்டும் பொய்யில்லை. இவர் தந்தது ஊக்கம். அதில்லாவிட்டால் பாதியில் சலித்துப்போய் விட்டிருப்பேன். மாமனார் தந்தது நச்சரிப்பு, மரியாதைக்கு உந்துதல் என்று வைத்துக்கொள்ளலாம். அதில்லாவிட்டால் இன்னும் இழைத்துக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் இரண்டு பேரும் நான் மரத்தில் கை வைத்த பிறகு வந்தவர்கள்.

"அப்புறம், அக்காமேல இருந்த இரக்கம்..." என்று இவர் மறுபடி ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம். "கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? இரக்கம் இரக்கம்னு சொல்லி என் உயிர வாங்காதீங்க" என்றேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஒரு நாள் காலைல அண்ணி ரூம் பக்கமா போனேன். பழைய போர்வைய முறுக்கி ஜன்னல் கம்பில கட்டி, அங்கங்க முடிச்சு போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு முடிச்சப் பிடிச்சுத் திரும்பினாங்க. அடுத்ததப் பிடிச்சு உக்காந்தாங்க. கடைசியப் பிடிச்சு எழுந்து நின்னாங்க. யாரையும் கூப்பிடல. சத்தியமா எனக்கு இரக்கம் வரல, பொறாமைதான் வந்துச்சு. இத்தன வருஷம் மரத்தோட மல்லுக்கட்டுறேன், எனக்கு இது தோணலையேன்னு. அன்னிக்கு சமைக்கக்கூட இல்ல, நேரா கடைக்கு ஓடிட்டேன். அவங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, செய்யச் சொல்லிக் கேக்கல. நான் பாத்ததே அவங்களுக்குத் தெரியாது. உத்வேகம்னா அவங்கதான். இரக்கப்பட்டிருந்தா கையப் பிடிச்சுத் தூக்கி விட்டிருப்பேன், கட்டில் செஞ்சிருக்க மாட்டேன்."

பின்னறைக் கதவு திறந்தது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து நின்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"அதான் பார்த்தேன்" என்றார். "முதல் முடிச்ச நீ பாக்கவே இல்ல."

"எந்த முடிச்சு அண்ணி?"

"தலகாணிக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. நான் போத்தியிருக்கிற போர்வைக்குள்ள மறைஞ்சிருக்கும். அதப் பிடிச்சாத்தான் உடம்பு முதல்ல அசையும். உன் கட்டில்ல அது இல்ல. இருக்கிற முதல் பிடி ரொம்ப உயரம், படுத்திருக்கவ கைக்கு எட்டல."

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "படுக்காமயே எட்டலன்னு எப்படித் தெரியும்?"

அண்ணி என் கணவரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நீங்க கடைக்குப் போனதும் துணிய இறக்கி வெச்சிட்டுப் படுத்துப் பார்ப்பேன். நீங்க வர்றதுக்குள்ள திரும்ப அடுக்கிடுவேன்."

மாமனார் இருமுவதுபோல் சிரித்தார். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் இருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

வானொலிப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பின்னறைக்குப் போனோம். நான் துணிகளை வாரி எடுத்தேன். அண்ணி கட்டிலில் படுத்து, பக்கச் சட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார். அது எட்டும் இடத்தைக் குறிக்க நான் பென்சிலோடு குனிந்தேன்.

"நீ வேணாம், மறுபடி தப்பாப் போடுவ" என்று பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, சட்டத்தில் தானே ஒரு கோடு போட்டார்.