சுசீலாவிடம் கேளுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏர் கம்ப்ரஸர்களுக்கு சர்வீஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் சுசீலா பதினேழு வருஷம் வேலை பார்த்தாள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் என்பதால் குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவள். கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தாள். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவாள். என்ன பிரயோஜனம்? எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் அங்கிருக்கும் மேனேஜர் அவளை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வரும் வேன் டிரைவரைப் பார்த்துத்தான், "என்ன சார் பிரச்சனை?" என்பார். பதிலை இவள் சொல்வாள். அவர் டிரைவரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. முன்பெல்லாம் சேல்ஸ் ஆள் போய்க் கார்டை நீட்டினால் உள்ளே விடுவார்கள். இப்போது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே, "மெயில் போடச் சொன்னாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். முதலாளி ஜெகதீசன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த அவருடைய அக்கா மகன் ஸ்ரீராம் ஒரு யோசனை சொன்னான். ஆன்லைனில் கூட்டம் போடுவோம், வெபினார். சின்னக் கம்பெனிக்காரர்களை போனிலேயே வரவழைத்து கம்ப்ரஸர் பராமரிப்பைப் பற்றிப் பேசுவோம், வருகிறவர்களை அப்படியே கஸ்டமராகப் பிடிப்போம் என்றான்.

முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். ஸ்ரீராம் இங்கிலீஷில் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ள, ஒவ்வொருவராகக் கழன்று ஒன்பது பேர் மிச்சம். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று சுசீலாவைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். அந்த நேரத்தில்தான் ஒருவர் மைக்கைத் திறந்தார்.

"ஹலோ, கேக்குதா? சென்னீர்குப்பத்துலேர்ந்து வெற்றிச்செல்வன் பேசறேன். படமெல்லாம் ஷோக்காத்தான் கீது. எங்க கம்ப்ரஸர் காலைலேர்ந்து நிக்காம ஓடிகினே கீது. கரண்டு பில்லு எகிறுது. அதுக்கு இன்னா பண்றது, அத்த சொல்லு நைனா."

ஸ்ரீராம் முழித்தான். சுசீலா லேப்டாப் பக்கம் சாய்ந்தாள்.

"சார், போனைக் கையில எடுத்துக்கிட்டு கம்ப்ரஸர்கிட்ட போங்க. டேங்க்லேர்ந்து லைனுக்குப் போற வால்வை மூடுங்க. இப்ப பிரஷர் மீட்டரைக் காட்டுங்க."

முள் விறுவிறுவென்று ஏறியது. மிஷின் மூச்சை விட்டுவிட்டு அடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது.

"கம்ப்ரஸர் நல்லா இருக்கு சார். உங்க லைன்லதான் காத்து வெளியே போகுது. வால்வைத் திறந்துட்டு, குழாயை ஒட்டியே நடங்க. காதை மட்டும் தீட்டி வெச்சுக்கோங்க."

அவர் நடந்தார். ஒரு மிஷினுக்குப் பின்னால் குனிந்தார். "யம்மாடி, உஸ்ஸுன்னுது மேடம்! இங்கதான் கீது!"

கழன்று போக இருந்தவர்கள் போகவில்லை. கேள்விகள் வந்து குவிந்தன. கூட்டம் முடியும்போது மணி ஒன்றரை.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாராவாரம் வியாழக்கிழமை பதினொரு மணி. 'சுசீலாவிடம் கேளுங்கள்' என்று பேர் வைத்து, அவள் படத்தைப் போட்டு ஸ்ரீராம் எல்லாருக்கும் அனுப்பினான். நடுநடுவே திரையில் கேள்வி வரும்: உங்கள் ஏர் லைனில் தண்ணீர் வருகிறதா? ஆமாம், இல்லை. 'ஆமாம்' என்று அழுத்தியவர்களின் பட்டியல் ஸ்ரீராமுக்குப் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர்களுக்கு போன் போய்விடும். ஒரே வருஷத்தில் கஸ்டமர் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. முதல் ஆளாக வந்து சேர்ந்தவர் வெற்றிச்செல்வன்.

சுசீலாவுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் வாரம் முழுக்கத் தாங்கும். திரையில் அவள் மட்டும்தான் இருந்தாள். அவளைத் தாண்டிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. "மேடம், மேடம்" என்று திருவேற்காட்டிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஆம்பிளைகள் அவள் பேர் சொல்லிக் கேட்டார்கள். வர்ற ஏப்ரலில் டெக்னிக்கல் மேனேஜர் என்று கார்டு அடித்துத் தருவதாக ஜெகதீசன் சொல்லியிருந்தார். வீட்டில் புருஷன் உத்தமனிடம் அதை மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

அந்த ஜனவரியில் பூந்தமல்லி அசோக் என்று ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் மூடி செய்கிறவர். "மேடம், எங்க மிஷின்ல கடகடன்னு ஒரு சத்தம். உங்க கம்பெனி ஆளே வந்து பாத்துட்டு, ஏர் எண்ட் போச்சு, முழுசா மாத்தணும்னு கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிருக்காரு. மாத்திடலாமா?"

ஏர் எண்ட் என்பது காற்றை அமுக்குகிற பாகம், கம்ப்ரஸரின் இதயம். அதை மாற்றுவதென்றால் கம்பெனிக்குக் கொழுத்த வேலை. சுசீலா அதையெல்லாம் யோசிக்கவில்லை. "பெல்ட்டைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்க சார்" என்றாள். அவர் ஓட்டினார். அதே கடகட. "மோட்டார் பேரிங் சார். ஏர் எண்ட்டைத் தொடாதீங்க" என்று நூற்றைம்பது பேர் கேட்கச் சொல்லிவிட்டாள்.

ஜெகதீசன் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"நம்ம ஆளு குடுத்த கொட்டேஷனை நீயே பொய்யுன்னு சொல்லிட்ட. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

"அது மோட்டார் பேரிங்தான் சார். நான் எப்படி மாத்திச் சொல்றது?"

"மாத்திச் சொல்ல வேணாம்மா. 'எங்க இன்ஜினியர் நேர்ல வந்து பாப்பாரு'ன்னு சொல்லி முடிச்சிருக்கலாம் இல்ல?"

அப்படி முடித்திருக்கலாம்தான். ஜெகதீசன், "சரி, போய் வேலையைப் பாரு" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அடுத்த மாதம் ஸ்ரீராம் வந்தான். "சுசீலாக்கா, உங்க மூளையில இருக்கறதை எல்லாம் வீடியோவா எடுத்து வெச்சுடுவோம். புதுசா சேர்ற பசங்களுக்கு ட்ரெயினிங்குக்கு ஆகும்." அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒன்பது நாள் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். பெல்ட், ஆயில், ஃபில்டர், ட்ரையர், வால்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசினாள். தினமும் மூன்று நாலு புடவை எடுத்துவரச் சொன்னான் ஸ்ரீராம். "ஒரே புடவையில இருந்தா போரடிக்கும்க்கா." கடைசி நாளில் சில்லறையாகச் சிலதைச் சொல்லச் சொன்னான். "வணக்கம், இன்னைக்கு வியாழக்கிழமை, நேரலையில உங்களோட சுசீலா." "நல்ல கேள்வி சார்." "ஒரு நிமிஷம், உங்க கேள்வியைப் படிச்சுக்கறேன்." கடைசி வரியைச் சொல்லிவிட்டுக் குனிந்து, காகிதத்தைப் படிப்பது போல மூன்று எண்ணும் வரை இருக்கச் சொன்னான். இருந்தாள். பிறகு ஒரு ஃபாரம் நீட்டினான், கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருஷமாக அந்த ஆபீசில் நீட்டிய எதையும் அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஏப்ரலில் கார்டு வரவில்லை. வெபினாரை நிறுத்தப் போகிறோம், ஆள் குறைக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. ஜெகதீசன் ஊரில் இல்லை. ஸ்ரீராம் லிஃப்ட் வரைக்கும் கூட வந்து, "டச்சுல இருங்கக்கா" என்றான்.

"விடு, இத்தனை வருஷம் ஓடினியே, கொஞ்ச நாள் உக்காரு" என்றார் உத்தமன். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். சுசீலா உட்காரத்தான் பார்த்தாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் அடுப்படியில் நிற்க முடியாமல் மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுப்பாள், காயாததையும் சேர்த்து.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை வெற்றிச்செல்வன் போன் செய்தார்.

"இன்னா மேடம் இது? நீங்க சொன்ன மாதிரியே ஏர் எண்ட்ட மாத்தியாச்சு. சவுண்டு அப்பிடியேதான் கீது."

"நான் சொன்னேனா? எப்ப சார்?"

"போன வாரம் வெபினார்ல சொல்லிட்டு, இப்ப எப்பன்னு கேக்கறீங்களே!"

மறுநாள் காலை சுசீலா ரயிலில் ஆவடி வந்து, பூந்தமல்லி பஸ் பிடித்துச் சென்னீர்குப்பத்தில் இறங்கினாள். வெற்றிச்செல்வனின் பட்டறை மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. கழற்றிய ஏர் எண்ட் ஒரு மரப்பலகையில் கிடந்தது. கம்பெனி ஆட்கள் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்களாம். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினாள். தட்டாமல், உரசாமல், விரல் தள்ளுவதற்கெல்லாம் சுற்றியது. பிறகு பெல்ட்டைக் கழற்றச் சொல்லி மோட்டாரை மட்டும் ஓட்டிக் காட்டினாள். கடகடவென்றது.

"இது நல்லாத்தான் இருந்திருக்கு சார். உங்களுக்குப் போனது மோட்டார் பேரிங்."

"அப்ப ஏன் மேடம் ஏர் எண்ட்டுன்னு சொன்னீங்க?"

"நான் அங்க வேலையில இல்லை. ஏப்ரல்லயே அனுப்பிட்டாங்க."

மணி பதினொன்று ஆகியிருந்தது. வெற்றிச்செல்வன் தன் போனை எடுத்து, வழக்கமாக வரும் லிங்க்கை அழுத்தி, அவள் முன்னால் நீட்டினார்.

பச்சைப் புடவையில் சுசீலா இருந்தாள். "வணக்கம், இன்னைக்கு வியாழக்கிழமை, நேரலையில உங்களோட சுசீலா" என்று சிரித்தாள். எண்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையரைப் பற்றிப் பேசினாள், நன்றாகவே பேசினாள். "ஒரு நிமிஷம், உங்க கேள்வியைப் படிச்சுக்கறேன்" என்று குனிந்தாள். கீழே சாட்டில் கேள்விகளுக்குப் பதில் வந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் பேரும் படமும். மிஷின் சூடாகிறது என்றவருக்கு ஏர் எண்ட். ஆயில் குடிக்கிறது என்றவருக்கும் ஏர் எண்ட்.

சுசீலா அந்த போனை வாங்கி டைப் செய்தாள். 'நான்தான் சுசீலா. சென்னீர்குப்பத்தில் இருக்கிறேன். திரையில் ஓடுவது பழைய வீடியோ. யாரும் நம்பாதீர்கள்.' இரண்டு தடவை அழித்து எழுதினாள். அனுப்பினாள். அது சாட்டில் வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெற்றிச்செல்வனுக்கு மட்டும் ஒரு பதில் வந்தது.

'நன்றி வெற்றிச்செல்வன் சார். எங்கள் இன்ஜினியர் உங்களை அழைப்பார். அன்புடன், சுசீலா.'

உடனே போனும் அடித்தது. வெற்றிச்செல்வன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், என்ன பிரச்சனை சார்?" ஸ்ரீராமின் குரல்.

"ஸ்ரீராம், நான் சுசீலா பேசறேன்."

ஸ்ரீராம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, முகம், குரல், பேரு மூணையும் கம்பெனி யூஸ் பண்ணிக்கலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. காப்பி அனுப்பறேன், ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றான். போன் கட்டாகியது. கூட்டத்துக்குள் திரும்பப் போகப் பார்த்தபோது, 'நீங்கள் நீக்கப்பட்டுள்ளீர்கள்' என்று வந்தது.

"சார், நடந்ததை எல்லாம் நான் எழுதித் தரேன். நீங்க ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுங்க. அசோக் சாரையும் கூப்பிடலாம்" என்றாள் சுசீலா.

வெற்றிச்செல்வன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுட்டேன் மேடம். நாளைக்கு எனக்கு டெலிவரி கீது. அவங்களோட மல்லுக்கு நின்னா, மிஷின் நின்னுபோன அன்னிக்கு யார் வருவா?"

"நான் வரேன் சார்."

"நீங்க ஒண்டியா? பார்ட்ஸு எங்கேர்ந்து வரும்?" அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் குத்தியது. "நான் அந்தக் கம்பெனிய நம்பி சைன் போடல மேடம். உங்க மூஞ்சிய பாத்துப் போட்டேன். இப்ப வந்து அது நான் இல்லன்னா, நான் இன்னா பண்றது சொல்லுங்க."

சுசீலா பெல்ட்டைத் திரும்ப மாட்டி, இழுவை சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் டீ சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் துடைத்தும் போகாத கிரீஸ் புடவையில் அப்பியிருந்தது தெரிந்தது.

திருமுல்லைவாயலில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் ஃபாரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்கம்மா" என்றார், எழுதியவரைப் பாராட்டுவது போல. வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். வேறு இரண்டு கம்ப்ரஸர் கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனாள். இரண்டு இடத்திலும் அவளை அடையாளம் தெரிந்தது. "நீங்கதான் அங்க வாராவாரம் லைவ்ல வர்றீங்களே, எங்ககிட்ட எதுக்கு மேடம் வேவு பாக்க வர்றீங்க?" என்றார் ஒருவர். இன்னொருவர் அதைக்கூடச் சொல்லவில்லை. கூப்பிடுகிறோம் என்றார், கூப்பிடவில்லை.

இப்போது ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறாள். ஃபில்டர், ஆயில், பெல்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. போன வாரம் பெல்ட் வாங்க வந்த ஒருவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க சுசீலா மேடம்தானே? வெபினார்ல வருவீங்களே?"

அவர் கையில் கொண்டுவந்திருந்த பழைய பெல்ட்டை வாங்கி அவள் அளவு பார்த்தாள்.

"இல்லைங்க. என் பேரு புஷ்பா."

"அப்பிடியே அவங்க ஜாடை. குரல்கூட." அவர் இன்னும் சந்தேகத்தோடு பார்த்தார். "அந்தம்மா சொல்லிச்சுன்னு ஏர் எண்ட்ட மாத்தி நாசமாப் போனேன். கெட்டிக்காரின்னு நெனச்சேன். பொம்பளைப் பேச்சு, வேறென்ன?"

சுசீலா அலமாரியிலிருந்து சரியான பெல்ட்டை எடுத்து, உறையைத் துடைத்து, கவுண்டரில் வைத்தாள்.

"பில் வேணுங்களா?" என்று கேட்டாள்.