முன் கேட் வழியாக

பிண வண்டி ஓட்டுபவருக்கு ஊரில் ஒரு சௌகரியம் உண்டு. எந்த நெரிசலிலும் வழி தானாக விடும். டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் நாலு பேர் உட்காரும் இடம் அவர் ஒருவருக்கே கிடைக்கும். வாய்விட்டு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் எதிரே வருகிறவர்கள் அவசர வேலை வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவரும் பழகிப்போயிருந்தார்.

அன்று அடைமழை வெறித்திருந்த காலை. ஓர் அடக்கம் முடிந்து, வண்டியைக் கழுவி, காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். தையல்காரி வீட்டு வாசலில் கூட்டம். நிறைமாசமாக இருந்த அவளுக்கு வலி கண்டுவிட்டது. புருஷன் வெளியூரில். வரவேண்டிய ஆம்புலன்ஸோ, பெரிய ரோட்டில் சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அவர் இறங்கி வந்தார். "சந்து வழியா போயிடலாம்மா. நம்ம வண்டியில ஏத்துங்க."

மாமியார் நெருப்பை மிதித்தவள்போலத் துள்ளினாள். "இதுலயா? பிள்ளை பெறப் போறவளையா? உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவருக்குச் சுருக்கென்றது. வண்டிப் பக்கம் திரும்பினார். அப்போது தையல்காரி, கதவு நிலையைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, வண்டி ஓடுமா?"

"ஜம்முன்னு ஓடும்மா."

"அப்புறம் என்ன? அத்தை, சாவுக்குப் பயந்தா பிள்ளை பெக்க முடியுமா? ஏறுங்க!"

அவர் சீட்டுக்கடியிலிருந்து புது விரிப்பை எடுத்து உதறி விரித்தார். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆமை வேகத்துக்குப் பழகிய வண்டி அன்று பறந்தது. பின்னாலிருந்து, "அண்ணே, சீக்கிரம்!" என்று குரல். அவர் இன்னும் அழுத்தி மிதித்தார். இத்தனை காலமும் எத்தனை பேரை ஏற்றியிருப்பார்! ஒருவராவது அப்படி அவசரப்படுத்தியதுண்டா?

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வழக்கம்போலப் பிணவறைப் பக்கம் கை காட்டினான். "பின் கேட், பின் கேட்!"

அவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "உசிரு இருக்குய்யா! ரெண்டு உசிரு! திற இந்த கேட்டை!"

அவன் மலங்க மலங்க விழித்தான். அதற்குள் வண்டிக்குள்ளிருந்து வீறிட்டு எழுந்தது ஓர் அழுகை. காவலாளி அடித்துப்பிடித்துக்கொண்டு கேட்டை அகலத் திறந்தான். நர்ஸுகள் ஓடிவந்தார்கள்.

தாயும் பிள்ளையும் நலம் என்று மத்தியானம் செய்தி வந்தது. மாமியாரே வெளியே வந்து அவரை வார்டுக்குள் அழைத்துப்போய், துணியில் சுற்றிய பேத்தியை நீட்டினாள்.

அவர் பின்வாங்கினார். "வேண்டாம்மா. இந்தக் கை..."

"கைக்கு என்ன? கழுவின கைதானே? பிடிங்க தம்பி."

எத்தனையோ பேரைத் தூக்கிய கைகள்தான். தூக்கப்பட்டவர் யாரும் அவரைத் திருப்பிப் பிடித்ததில்லை. இது அவர் விரலை இறுக்கிப் பிடித்தது. பிடித்த கையோடு சட்டையையும் நனைத்தது.

ஈரச் சட்டையோடு வராந்தாவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். "என்னண்ணே, சட்டையெல்லாம் ஈரம்?" என்றாள் கூட்டுகிற பெண்.

"எங்க வீட்டு மகாராணி போட்ட கையெழுத்து!" என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.