கடைசிப் பத்து நிமிடம்

அந்தத் திரையரங்கில் அவளைக் கதவக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இரண்டாம் நம்பர் அரங்கின் வெளிக்கதவு அவள் பொறுப்பு. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்கவாட்டு வழியாக உள்ளே நுழைந்து, சிவப்பு விளக்குப் பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். முடிந்ததும் தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்து, கீழே கட்டையைச் செருக வேண்டும். கூட்டம் போனபின் துடைப்பத்தோடு இருக்கைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். ஒன்பது வருடமாக இதே வேலை. ஆகவே அங்கே ஓடிய அத்தனை படங்களின் முடிவும் அவளுக்கு அத்துப்படி, ஒன்றின் தொடக்கம்கூடத் தெரியாது. என்ன தப்பு செய்தார்கள் என்றே தெரியாமல் நூற்றுக்கணக்கான வில்லன்கள் சாவதைப் பார்த்தவள் அவள். திரையில் யாராவது அழுதால், பாவம், என்னவோ நடந்திருக்கிறது என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இந்த அரைகுறை ஞானம்தான் தங்கையோடு பேச்சு வார்த்தை இல்லாமல் செய்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் ஒரு படம் வந்தது. தங்கை ஒரு மாதம் முன்பே புகுந்த வீட்டார் பன்னிரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து, அக்கா வேலை பார்க்கும் தியேட்டர் என்று பெருமையடித்து, எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வரும் வழியில் போன் செய்து, படம் எப்படி என்று கேட்டாள். கதவக்கா உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"கடைசில காலிங்பெல் அடிக்குது. அவன் கதவு ஓட்டை வழியா பார்த்துச் சிரிக்கிறான். தாழ்ப்பாள்ல கை வைக்கிறான், படம் முடிஞ்சிடுது. யாரு வந்தாங்கன்னு காட்டவே இல்ல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? முடிவே இல்லாத படத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தங்கையின் மாமனார் கேட்டார். வேன் வந்த வழியே திரும்பியது. உன் வாயால் என் மானம் போச்சு என்று தங்கையிடமிருந்து ஒரு வரி வந்தது. அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்குக் கேக் படம் மட்டும் வரும். இவளும் பதிலுக்கு ஒரு கேக் படம் அனுப்புவாள். கூடப் பிறந்தவர்கள் இப்படிக் கேக்கைக் காட்டிக்கொண்டே காலத்தைத் தள்ளினார்கள்.

இந்தக் கோடைக்கு அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று ஊரே மண்டையைக் குடைந்துகொண்டது. கவுண்டரில் பாப்கார்ன்காரர் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கருத்துக் கேட்டார். காணாமல் போன மனைவி என்றார்கள் பாதிப் பேர். போலீஸ் என்றார்கள் சிலர். அவனுடைய இரட்டைப் பிறவிதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கதவக்காவுக்கும் ஒரு யூகம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படம் வெளியாக ஒரு வாரம் இருக்கும்போது தங்கையிடமிருந்து செய்தி வந்தது. கேக் இல்லை, எழுத்து. "புதன்கிழமை மத்தியானக் காட்சிக்கு உன் தியேட்டர்லயே ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். உனக்கு அன்னைக்கு லீவுதானே. சேர்ந்து பார்க்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி நீ முடிவைப் பார்த்தேன்னு தெரிஞ்சா, நான் அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

கதவக்கா அதை நாலைந்து தடவை படித்தாள். சரி என்று உடனே பதில் எழுதினாள். அப்புறம்தான் கணக்குப் போட்டாள். படம் வருவது வெள்ளிக்கிழமை. செவ்வாய் வரை ஐந்து நாள், நாளுக்கு மூன்று காட்சி. பதினைந்து தடவை அதே பத்து நிமிடத்துக்குள் போய் நின்றுகொண்டு, அதைப் பார்க்காமலும் கேட்காமலும் வர வேண்டும். தங்கை திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் இப்போது இவள் கண்ணிலும் காதிலும் இருந்தது.

வேறு கதவுக்கு மாற்றிவிடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றாள். மாற்றுவதில் தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நாலு அரங்கிலும் இதே படம்தான் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரைக்கு முதுகைக் காட்டி, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி கதவைப் பார்த்து நின்றாள். கதவின் வெளிர் வண்ணத்தில் திரையின் வெளிச்சம் விழுந்தது. நீலமானது, ஆரஞ்சானது, சட்டென்று வெள்ளையானது. வெள்ளை என்றால் என்ன? அவன் கதவைத் திறந்துவிட்டானா? வெயிலில் நிற்கிறாளா வந்தவள்? கழுத்து தன்பாட்டுக்குத் திரும்பப் பார்த்தது. அவள் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டு, அரங்கின் விளக்கு எரியும்வரை வாய்ப்பாடு சொன்னாள். கூட்டம் பேசிக்கொண்டே வெளியேறும்போது பதினாறாம் வாய்ப்பாட்டில் இருந்தாள்.

பாப்கார்ன்காரர் வேறு முதல் காட்சியிலேயே எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் இனிமேல் உங்கள் பக்கம் சிந்துகிறதை நான் பெருக்க மாட்டேன் என்று சொல்லி அடக்கினாள்.

ஆனால் துடைப்பம் இருக்கிறதே, அதற்குப் பஞ்சு அடைக்க முடியாது. ஒரு படம் எப்படி என்பதை அவள் இருக்கைக்கு அடியில் பார்த்தே சொல்லிவிடுவாள். நல்ல படம் என்றால் பாப்கார்ன் மிஞ்சிக் கிடக்கும், தின்ன மறந்திருப்பார்கள். சுமாரான படம் என்றால் டப்பா காலியாக இருக்கும். மோசம் என்றால் டிக்கெட்டை மடித்துக் காகிதக் கப்பலாக்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்து பெருக்கியபோது பத்தொன்பது கப்பல்கள் கிடைத்தன. சனிக்கிழமை யாரோ நிதானமாக உட்கார்ந்து றெக்கையும் அலகும் வைத்து ஒரு பறவையே செய்திருந்தார்கள். இரண்டு வருடம் காத்திருந்த படம் இப்படியா என்று கதவக்கா அந்தப் பறவையை முறைத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை தங்கை, படம் எப்படியாம் என்று செய்தியில் கேட்டாள். கப்பல் நிறைய என்று இவள் எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, நல்ல கூட்டம் என்று அனுப்பினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் தங்கை வந்தாள். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் சதை வைத்திருந்தாள். இந்த மூஞ்சியைப் பார்க்காமலா இரண்டு வருடம் இருந்தோம் என்று கதவக்கா நினைத்துக்கொண்டாள். தங்கை எடுத்த எடுப்பில் பார்த்தாயா என்றுதான் கேட்டாள். இவள் பையிலிருந்து பஞ்சு உருண்டைகளை எடுத்துக் காட்டினாள். தங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, விறைப்பாகவே உள்ளே நடந்தாள்.

ஒன்பது வருடத்தில் கதவக்கா அந்த அரங்கின் இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. பஞ்சு மெத்தை இவ்வளவு பள்ளமா? படம் தொடங்கியது. கதவைத் திறப்பான் என்று பார்த்தால், பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்று போட்டு அவன் பள்ளிக்கூடம் போன கதையை ஆரம்பித்தார்கள். அப்பா கதை வந்தது, அப்பாவின் நண்பர் கதை வந்தது. இடைவேளை வரைக்கும் கதவுப் பக்கமே கேமரா போகவில்லை. விளக்கு எரிந்தபோது கதவக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். தங்கையின் டப்பா காலி. மடியில் டிக்கெட் பாதிக் கப்பலாகியிருந்தது.

கப்பலின் மறுபாதியை மடித்துக்கொண்டே தங்கை கேட்டாள்.

"நீ யாருன்னு நெனச்சே? அந்தக் கதவுக்கு வெளிய?"

"அவனோட தங்கச்சின்னு நெனச்சேன். சண்டை போட்டுட்டுப் போனவ."

"அவனுக்குத் தங்கச்சியே கிடையாதே அக்கா."

"முதல்ல இருந்து பார்த்தாத்தானே எனக்குத் தெரியும்? நாப்பது தடவை அந்த பெல் அடிச்சுது. நாப்பது தடவையும் அவதான் வந்திருக்கான்னு நெனச்சேன்."

தங்கை கப்பலைப் பிரித்து, காகிதத்தைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். மறுபடி விளக்கு அணைந்தபோது அவள் முழங்கை கதவக்காவின் முழங்கை மேல் இருந்தது. எடுக்கவில்லை.

இரண்டாம் பாதியும் இழுவைதான். கதவக்காவுக்குக் கவலையில்லை. ஒரு படம் முதலிலிருந்து எப்படிப் போகும் என்று பார்ப்பதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஓஹோ, இதற்காகத்தான் அழுகிறார்களா என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் காதில் ஓர் இசை விழுந்தது. எல்லாப் படத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தில் எழும்புமே, அந்த மாதிரி வயலின். அவள் எழுந்தாள். இடைவழியில் நடந்தாள். சிவப்புப் பலகைக்குக் கீழே போய் நின்று, தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அங்கே அன்றைக்கு அவளுக்குப் பதிலாகப் பாப்கார்ன்காரர் நின்றிருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவக்கா, இன்னைக்கு உங்களுக்கு லீவு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்புவதற்குள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தங்கை வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போறே? கோவமா? இடைவேளையில நான் ஒண்ணும் சொல்லலைன்னுதானே?"

"கதவைத் திறக்க வந்தேன்டி," என்றாள் கதவக்கா.

தங்கை அவளைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், அதன் மேல் இருந்த கையைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. சத்தம் வரக் கூடாது என்று ஒருத்தி வாயை ஒருத்தி பொத்திக்கொண்டு, கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தத் தண்ணீரில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பின்னால் காலிங்பெல் அடித்தது. ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அரங்கம் முழுக்க "ப்ச்" என்றது. இவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"யாரு வந்தாங்க?" என்றாள் தங்கை.

"எனக்கென்ன தெரியும்? உன்னைத்தானே பார்த்துட்டு இருந்தேன்."

ஐந்து நாளாகக் காத்திருந்த பாப்கார்ன்காரர் முகம் மலர வாயைத் திறந்தார். அக்காவும் தங்கையும் ஒரே குரலில், சொல்லாதீங்க என்றார்கள்.

அரங்கின் விளக்கு எரிந்தது. கை அங்கேயே இருந்ததால் கதவக்காவே தாழ்ப்பாளை இழுத்து, கதவை விரியத் திறந்து, காலால் கட்டையைத் தள்ளினாள். வெயில் உள்ளே வந்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே இவர்களைத் தாண்டிப் போனது. பேச்சு காதில் விழாதபடி தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கடைசி ஆளும் போனபின் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அடுத்த புதனும் உனக்கு லீவுதானே?"

"லீவுதான். ஆனா படம் நல்லாவே இல்லையே."

"அது கிடக்கட்டும். டிக்கெட் நான் எடுக்கறேன்," என்ற தங்கை, அக்காவின் பைக்குள் கையை விட்டு, அந்தப் பஞ்சு உருண்டைகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "அதுவரைக்கும் இதைக் காதுல வெச்சுக்கோ."