மூணாம் பட்டையின் பின்பக்கம்

மாட்டு மூத்திரம் சுவரில் ஏறும். சொன்னால் சிரிப்பார்கள். இண்டூரில் மணியக்காரர் மாரியப்பன் வீட்டு மேற்கு அறையில் அது என் இடுப்பு உயரத்துக்கு ஏறி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கீழே மஞ்சள், அதற்கு மேலே பழுப்பு, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு. விரல் வைத்தால் புண்ணிலிருந்து பொருக்கு உதிர்கிற மாதிரி காரை உதிரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டாய். பதினொரு உருப்படி. கொட்டாயின் தரை வெளியே பார்த்துச் சரிய வேண்டியது, சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தது. யார் கட்டினதோ. மூத்திரம் மொத்தமும் சுவர் ஓரத்தில் குட்டையாக நிற்கும். சுவர் குடிக்கும். அதற்கு இந்தப் பக்கத்தில்தான் மணியக்காரர் மகன் தீர்த்தகிரிக்கு வரப்போகும் பெண்டாட்டிக்கு அறை ஒதுக்கினார்கள். பெண் சேலம் செவ்வாய்ப்பேட்டை. நூல் வியாபாரி மகள். பேர் ஜானகி. எட்டாவது வரைக்கும் படித்தவள் என்று ஊரே பேசியது.

டவுன் பெண் இந்தச் சுவரைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று மணியக்காரருக்குக் கவலை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட பங்களாவில் சுவருக்குத் துணி ஒட்டியிருந்ததை அவர் பார்த்திருந்தார். ஆள் விட்டு, பெங்களூரில் இருந்து ஐந்து சுருள் ஆயில்கிளாத்து வரவழைத்தார். மேசைமேல் விரிப்பார்களே, எண்ணெய்ச் சாயம் பூசின வழவழப்பான துணி, அதுதான். பச்சைத் தரையில் சிவப்புப் பூ. பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி. ஏற்காட்டு பங்களாவில் அந்தத் துணி ஒட்டின கூட்டத்தில் நான் இரண்டு வருஷம் வேலை செய்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“ஐயா, இதுமேல ஒட்டக் கூடாதுங்க. இந்தத் துணிக்குள்ள தண்ணி போவாது. அதே மாதிரி உள்ளாற இருக்கிற தண்ணி வெளியவும் வராது. சுவருக்கு வேர்க்குமுங்க. போர்த்தி வெச்சா போர்வைக்குள்ளயே வேர்த்து நாறிப்போவும்.”

“சுவத்துக்குக் காய்ச்சலாடா?” என்றார் மணியக்காரர். “கசாயம் வெச்சுக் குடுக்கட்டுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி?

“கொட்டாய்ப் பக்கம் ஒரு முழ ஆழத்துக்குக் கால்வாய் வெட்டணுங்க. கல்லு பாவி மூத்திரத்தை வெளிய ஓட்டணும். காரையைக் கொத்திட்டு வெயில் காலம் முழுக்கக் காய வுடணும்.”

“தை மூணு கல்யாணம். வெயில் காலத்துக்கு நான் எங்க போவட்டும்?”

அப்போது கார்த்திகை பாதி. மார்கழி பிறந்தால் அந்த வீட்டில் மண் தோண்ட மாட்டார்கள். அதற்குள் கட்டுத்தறியைப் பிடுங்கிக் கால்வாய் வெட்டவும் அவர் பெண்சாதி காசியம்மாள் சம்மதிக்கவில்லை. கட்டுத்தறி அசைந்தால் பால் வற்றிப் போகுமாம். கடைசியில் மாடுகளை மட்டும் வைக்கோல் போர் பக்கம் மாற்றிக் கட்ட ஒத்துக்கொண்டார்கள்.

காரை முழுக்கக் கொத்தினேன். உள்ளே செங்கல் கறுத்து, அழுகின பல் மாதிரி இருந்தது. நாலு கும்பட்டி அடுப்பில் கரி போட்டு, கதவைத் திறந்துவைத்து, பகலெல்லாம் அனலடிக்க விட்டேன். புதுக் காரை மெல்லிசாகப் பூசினேன். பிறகு அனல், அனல், அனல்.

ஈரம் இருக்கிறதா இல்லையா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. ஆயில்கிளாத்தில் சாண் அகலத்துக்குச் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, நாலு ஓரமும் மெழுகு உருக்கி அடைத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் தடவை உரித்தபோது, சோற்றுப்பானை மூடியின் உள்பக்கம் மாதிரி நீர் முத்து முத்தாக நின்றது. இரண்டாம் தடவை லேசாகப் பூத்திருந்தது. மார்கழி இருபத்திரண்டாம் தேதி உரித்தேன், துணி காய்ந்திருந்தது. எனக்கே ஆச்சரியம். சரி, பிழைத்தோம், மாட்டை மட்டும் மறுபடி அங்கே கட்டாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மைதாவில் மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மயில்துத்தம். அறைக்குள் கால் வைத்ததும் குப்பென்று வாடை. சுவர் பச்சையாக இருந்தது. அடியிலிருந்து என் தலைக்கு மேல் வரைக்கும் சாணியைக் கரைத்து வழித்திருந்தார்கள். சொத சொதவென்று. விரல் தடம் வரி வரியாக ஓடியது. அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். மோதிர விரல் பாதி இல்லாத கை. என் பெண்சாதி செல்லியின் கை. அவள் அந்த வீட்டுக் கொட்டாயில் சாணி அள்ளுகிறவள்.

காசியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

“என்னாங்கம்மா இது?”

“எந்த மாட்டுக் கொழுப்ப, எவன் கையால தடவின துணியோ. புதுசா வர்றவ படுக்கிற எடம். சுவத்தைச் சுத்தம் பண்ணாம ஒட்ட வுடுவனா? செல்லிகிட்டச் சொல்லி கோமியமும் தெளிச்சாச்சு. இனி நீ ஒட்டு.”

“இது காய இருபது நாள் ஆவுமுங்கம்மா.”

“சாணி காய இருபது நாளா? எங்க வாசல்ல அரை நாளுல காயுது.”

“வாசல் வெயில்ல கெடக்குதுங்க. இதை மூடிடப் போறோமுங்களே.”

சத்தம் கேட்டு மணியக்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒட்றா,” என்றார்.

ஒட்டினேன்.

துணியைப் பட்டை பட்டையாக வெட்டிப் பின்பக்கம் எண் போட்டுக்கொள்வது வழக்கம். பூ மாறிவிடக் கூடாது அல்லவா. மேலே நாலு விரல் அகலத்துக்குப் பசை தடவ மாட்டோம். அதை மடக்கித் தேக்குச் சட்டத்துக்கு அடியில் வைத்து ஆணி அடிப்போம். எழுத்து எனக்கு முப்பத்தெட்டு வயசுக்கு மேல் வந்தது. கையில் பென்சில் இருந்தால் எதையாவது எழுதத் தோன்றும் காலம். மூணாம் பட்டையில் 3 என்று போட்டுவிட்டு, அந்தப் பசை படாத ஓரத்தில் எழுதினேன்: சுவர் ஈரம். சாணி காயவில்லை. சொன்னேன், கேட்கவில்லை. மார்கழி 23. பொன்னன்.

அதை மடக்கிச் சட்டத்தை வைத்து ஆணி அடித்தேன். சொல்லியாகிவிட்டது என்று மனசு ஆறிப் போனது. இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. யாரிடம் சொன்னேன்? பூச்சியிடம் சொன்னேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மாடுகளைப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டார்கள். பெண் வந்தாள். மொரப்பூர் வரைக்கும் பெரிய ரயில், அங்கிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில், அப்புறம் வில்வண்டி. வந்த சனமெல்லாம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தது. மணியக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பங்குனியில் நாற்றம் தொடங்கியது. செல்லிதான் வந்து சொன்னாள்.

“மேற்கு அறையில நாறுதாம். அந்தச் சின்னம்மா மேல இருந்து வர்ற நாத்தமுன்னு பேசிக்கிறாங்க.”

“அவங்க மேலயா?”

“அவ வந்த பின்னாலதான நாறுது? பொட்டியத் தெறந்தா சேலையும் நாறுது. அவ அடுப்படிக்கு வந்தா அங்கயும் நாறுது.”

சேலைப் பெட்டியை அந்தச் சுவரை ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். சேலை நாற்றத்தைக் குடித்தது, அவள் சேலையைக் கட்டினாள். இதைப் புரிந்துகொள்ள என்ன படிப்பு வேண்டும்? ஆனால் அந்த வீட்டில் ஒருத்தரும் சுவரை முகர்ந்து பார்க்கவில்லை. சுவர் பெங்களூர்த் துணி போர்த்தி அழகாக இருந்தது. பெண்ணை முகர்ந்தார்கள். காசியம்மாள் அவளை நிறுத்தி வைத்து, கழுத்தில் முகர்ந்தாளாம், அக்குளில் முகர்ந்தாளாம், வாயை ஊதச் சொன்னாளாம். தீர்த்தகிரி கயிற்றுக் கட்டிலைக் களத்துக்கு எடுத்துப் போய்விட்டான். அந்தப் பெண் நாளைக்கு மூணு தரம் குளித்தாள். பாசிப்பயற்று மாவு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை. குளித்துவிட்டு அதே அறைக்குப் போய் அதே பெட்டியைத் திறந்தாள்.

வைகாசியில் செல்லி அடுத்த சேதி கொண்டுவந்தாள். புதுப்பெண்ணை ஆடி மாசத்துக்குத் தாய்வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துப் போவார்கள் அல்லவா, அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்களாம். ஆவணியில் யாரும் கூப்பிடப் போவதில்லை. கேட்டால் உள்வியாதிக்காரி என்று சொல்லிவிடுவது.

“நான் போய் சொல்லிடட்டுமா?” என்றேன்.

“என்னான்னு சொல்லுவ? சாணி வழிச்சது என் கை. பசை போட்டது உன் கை. வேலைக்காரன் மேல பழியப் போட்டுட்டு அவங்க கைகழுவிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு இரு.”

வாயை மூடிக்கொண்டிருந்தேன். வைகாசி போனது. ஆனியும் போய்க்கொண்டிருந்தது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அதுதான் கேவலம்.

ஆனி கடைசியில் ஆள் வந்தது. மூணாம் பட்டை அடியில் உப்பியிருக்கிறது, வந்து சரிபண்ணு என்று. போனேன். ஏழு மாசக் கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கியது. விரலால் அழுத்தினேன். உள்ளே கொளக் என்று ஏதோ நகர்ந்தது.

“நாலு ஆணி அடிச்சு அமுக்கிவுடு,” என்றாள் காசியம்மாள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு. “நாளைக்குச் சேலத்துல இருந்து அவங்கப்பா வர்றாரு.”

சொல்லிவிட்டு நடைக்குப் போய்விட்டாள். பெட்டி கட்டி வைத்திருந்தது. ஜானகி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம். கையும் கழுத்தும் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து, ஒரு இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பதினேழு வயசு இருக்கும்.

“பொன்னன்தானே உன் பேரு?”

“ஆமாங்க சின்னம்மா.”

“நீ வெளியாளு. ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா? என் மேல நாறுதா? எனக்கு எதுவும் தெரிய மாட்டேங்குது. மூக்கு செத்துப்போச்சு. கிட்ட வந்து பார்த்துச் சொல்லு, பரவாயில்ல.”

கையை நீட்டினாள். மாடு வாங்க வந்தவனிடம் மாட்டின் பல்லைக் காட்டுகிற மாதிரி நீட்டினாள்.

ஏணியைப் போட்டு ஏறி, உளியைக் கொடுத்துத் தேக்குச் சட்டத்தை நெம்பினேன். மூணாம் பட்டையை மேலேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினேன்.

செத்த மாட்டின் தோலை உரிக்கிற சத்தம் அது. மேலே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை, பூனை மயிர் மாதிரி எழும்பி நின்றது. நடுவில் பசை மஞ்சள் சளியாகித் துணிக்கும் சுவருக்கும் நூல் நூலாக இழுத்தது. நான் பூசின காரையை எங்கேயும் காணோம். இடுப்புக்குக் கீழே சாணி மறுபடியும் சாணியாகி, கூழாகி, அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. உப்பியிருந்த வயிறு வெடித்துக் கறுப்புத் தண்ணி என் பாதத்தில் கொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கைப்பிடி மயில்துத்தம் பதினொரு மாட்டு மூத்திரத்தை என்ன செய்துவிடும்?

காசியம்மாள் ஓடிவந்தாள். பார்த்தாள். நடைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்த கையோடு கத்தினாள்.

“பசையில என்னத்தையோ கலந்து என் வூட்ட நாறடிச்சுட்டான்! ஏனுங்க, இங்க வாங்க!”

மணியக்காரர் வந்தார். “என்ன கலந்தடா?” என்று என் கழுத்துத் துண்டைப் பிடித்தார்.

அதற்குப் பதில் சொன்னது அந்தப் பெண். துணியின் மேல் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“சுவர் ஈரம். சாணி காயவில்லை. சொன்னேன், கேட்கவில்லை. மார்கழி இருபத்துமூணு. பொன்னன்.”

மணியக்காரர் துண்டை விட்டார். நடையில் நின்ற செல்லி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

“நீயா எழுதினது?” என்றாள் ஜானகி.

“ஆமாங்க சின்னம்மா.”

“மார்கழியில.”

“ஆமாங்க.”

“எனக்குத் தை மாசம் கல்யாணம்.” விரல் விட்டு எண்ணினாள். “ஆறு மாசமா உனக்குத் தெரியும்.”

அவள் சுவரைப் பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள். மணியக்காரரையும் மாமியாரையும் அப்புறம்தான் பார்த்தாள். அந்த வரிசையை நான் மறக்கவில்லை.

“ஏம்மா ஜானகி,” என்றாள் காசியம்மாள், குரலே மாறிப்போய். “கழுவி வுட்டா சரியாப் போச்சு. உங்கப்பாகிட்ட இதையெல்லாம் சொல்லாத. டேய் பொன்னா, அதை எடுத்துத் திரும்ப ஒட்டுடா.”

“ஒட்ட வேண்டாம் அத்தே.” ஜானகி என் கத்தியை வாங்கி, எழுத்து இருந்த இடத்தோடு சேர்த்து இரண்டு முழம் வெட்டினாள். பூஞ்சையும் புழுவும் உள்ளே வரும்படி சுருட்டினாள். பெட்டியைத் திறந்து, கல்யாணப் பட்டுச்சேலைக்கு மேலே அதை வைத்து மூடினாள். “சேலை எப்படியும் நாறுது.”

மறுநாள் அப்பாவோடு வில்வண்டி ஏறிப் போனாள். ஆவணியில் மணியக்காரர் வீட்டிலிருந்து தட்டு வரிசையோடு சேலத்துக்கு அழைக்கப் போனார்கள். நூல் வியாபாரி தெருவாசலிலேயே அந்தச் சுருளை விரித்து, வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவரை உரக்க வாசிக்கச் சொன்னாராம். பந்தி போடவில்லை. பெண்ணும் வெளியே வரவில்லை. தட்டோடு திரும்பி வந்தார்கள்.

அந்த வாரமே மணியக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“கொட்டாயில கால்வாய் வெட்டணும்னியே. வெட்டு.”

கட்டுத்தறியைப் பிடுங்கினேன். காசியம்மாள் தடுக்க வரவில்லை. ஒரு முழ ஆழம் தோண்டினேன். தோண்டத் தோண்ட மண் கறுப்பாக, களி மாதிரி வந்தது. அந்த வாடை எட்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை. செல்லி சோற்றை என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கல் பாவி, சரிவு கொடுத்து, மூத்திரத்தை எருக்குழிக்கு ஓட்டினேன். அறைச் சுவரைக் கொத்தி, மறுபடி காய விட்டேன். இந்தத் தடவை அவசரமில்லை. தை போனது, மாசி போனது, வெயில் வந்தது.

சித்திரையில் மிச்சமிருந்த துணியில் ஒரு சாண் சதுரம் வெட்டி, ஓரம் அடைத்து ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து உரித்தேன். பொட்டுத் தண்ணி இல்லை. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“காஞ்சிருச்சுங்க,” என்று மணியக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

“சரி,” என்றார். “கடலை மூட்டையெல்லாம் நடையில கெடக்குது. அந்த அறையில கொண்டு போய் அடுக்கு.”

அடுக்கினேன்.